அம்மாவின் கண்ணாடி அறை

நீலகிரி மலையில் வாழ்கின்ற குடும்பங்களுக்குக் கண்ணாடித் தாழ்வாரம் புதிய பொருளன்று. ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களின் முகப்பில், மரச்சட்டங்களுக்கிடையே சிறு சிறு கண்ணாடிகளைப் பதித்து, குளிரை வெளியே நிறுத்தி வெயிலை மட்டும் உள்ளே அழைக்கும் இடம் ஒன்று இருப்பதைக் குன்னூரிலும் உதகையிலும் கோத்தகிரியிலும் இன்றும் காணலாம். அண்மைக் காலத்தில் சிறிய வீடுகளைக் கட்டுவோரும் அவ்வாறே ஓர் அறையை முன்புறத்தில் சேர்த்துக் கொள்கின்றனர். எங்கள் இல்லத்திலும் அப்படி ஒன்று உண்டு. அதை என் தாயாருக்காகக் கட்டினேன். அவர் நலமாக இருக்க வேண்டும் என்று கட்டிய அந்த அறையே அவரை நோயாளியாக்கிய கதையை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதே தவற்றைச் செய்துகொண்டிருக்கும் வீடுகள் சிலவற்றை அண்மையில் பார்க்க நேர்ந்ததால் எழுதத் துணிகிறேன்.

என் தாயார் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கே எங்கள் பழைய வீட்டில் முன்கதவும் பின்கதவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். நடுவே முற்றம். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேறிவிடும். 2014இல் தந்தையார் மறைந்தபின், தனியே இருக்க வேண்டாம் என்று வற்புறுத்தி அம்மாவைக் குன்னூருக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு வயது 76. ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. முதல் குளிர்காலத்தில் அவர் பட்ட பாட்டைக் கண்டு எனக்கு மனம் பொறுக்கவில்லை. கம்பளிக்குள் சுருண்டு, கை கால்களைத் தேய்த்துக்கொண்டு, "வெயில் எங்கய்யா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

வெயில் வீட்டின் கிழக்கு முகப்பில் வந்தது. ஆகவே 2015 மே மாதத்தில் அங்கேயிருந்த திறந்த திண்ணையைக் கண்ணாடி அறையாக மாற்றினேன். 12 அடி நீளம், 8 அடி அகலம். மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர்; அதற்கு மேல் கண்ணாடி. கூரையில் பாதி ஓடு, பாதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு. கட்டித் தந்தவரிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: ஊசி நுழையும் சந்தும் இருக்கக் கூடாது. பனிமூட்டம் உள்ளே வரக் கூடாது, குரங்கு கைவிடக் கூடாது, அம்மாவின் மேல் சில்லென்ற காற்று படக் கூடாது. அவர் நான் கேட்டபடியே செய்தார். மூன்று ஜன்னல்களில் இரண்டைத் திறக்க முடியாதபடி பொருத்தினார்; எல்லா விளிம்புகளையும் சிலிக்கான் பசையால் அடைத்தார். அவரை நான் குறை கூற மாட்டேன்.

முதல் மாதங்கள் இன்பமாகவே கழிந்தன. காலை எட்டு மணிக்கே அறை இளஞ்சூடாகிவிடும். அம்மா சாய்வு நாற்காலியில் அமர்ந்து கீரை ஆய்வார், செய்தித்தாள் படிப்பார், கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கில் மேகம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் மனைவி ஜெரேனியம், பிகோனியா என்று பத்துப் பன்னிரண்டு தொட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். வந்தவர்கள் எல்லாரும் அறையைப் புகழ்ந்தனர். அம்மா மட்டும் ஒருநாள் சொன்னார்:

"அறை நல்லாத்தான் இருக்குய்யா. காத்துதான் இல்ல."

"இது தூத்துக்குடி இல்லை அம்மா. இங்கே காற்று பட்டால் சளி பிடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் மலையில் வாழ்ந்தவன் என்ற செருக்கு.

குன்னூருக்கு மிகுதியான மழையைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அந்த ஆண்டு நவம்பரில் தமிழகம் முழுவதும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் மலையில் வெயில் முகம் காட்டாமல் நாட்கள் கழிந்தன. காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடி முழுவதும் வியர்த்திருக்கும். துளிகள் ஒன்றோடொன்று கூடி வழிந்து, மரச்சட்டத்தின் அடியில் தேங்கி, சுவரில் கோடு கோடாக இறங்கும். மூன்று துண்டுகளைப் பிழிந்து பிழிந்து துடைப்பது என் காலைக் கடமையாயிற்று. பிறகு ஒரு மூலையில் மிளகுப் பொடி தூவியது போலக் கறும்புள்ளிகள் தோன்றின. நனைந்த சாக்கை மூலையில் போட்டு வைத்தது போன்ற மக்கிய வாடை நிலைத்துவிட்டது. அம்மாவின் திருமணத்தின்போது அவருடைய தந்தையார் தந்த, தோலட்டையிட்ட ஜெபப்புத்தகம் ஒன்று அந்த அறையின் அலமாரியில் இருந்தது. ஒருநாள் அதை எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். அட்டை முழுவதும் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது.

அதே வாரத்தில் அவருக்கு இருமல் தொடங்கியது.

நான் செய்த சிகிச்சைகளை வரிசையாகச் சொன்னால் சிரிப்பீர்கள். கறும்புள்ளிகளின் மேல் வெள்ளைப் பெயின்ட் பூசினேன். இரண்டு வாரத்தில் பெயின்டைத் துளைத்துக்கொண்டு அவை மீண்டும் வந்தன. வெளியிலிருந்துதான் ஈரம் வருகிறது என்று கருதி, மீதமிருந்த சந்துகளையும் பசையால் அடைத்தேன். கிண்ணங்களில் கல்லுப்பை வைத்தேன். அது நீர்த்துப் போயிற்று. அறை அப்படியே இருந்தது. இறுதியில், காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றை வாங்கிச் சுவரின் உச்சியில் பொருத்தினேன். அது பெரும் ஒலியுடன் சுழன்றது. உள்ளே காற்று நுழைய வழியில்லாத அறையிலிருந்து அது எதை வெளியே தள்ளும் என்ற எளிய வினா எனக்குத் தோன்றவில்லை. வாயை இறுக மூடிய குப்பியிலிருந்து உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

இவற்றுக்கெல்லாம் நடுவே, மழையில் துணி உலர்த்த வேறு இடமில்லை என்பதால், அந்த அறையிலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி வீட்டுத் துணி முழுவதையும் போட்டு வந்தோம்.

டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு. குளிர் மிகுதியாக இருந்தது. அம்மா உறங்குவதற்கு முன் சற்று நேரம் கண்ணாடி அறையில் உட்கார விரும்பினார். நான் கணப்புச் சட்டியில் கரியை மூட்டி, புகை அடங்கித் தணல் நன்றாகச் சிவந்த பிறகே, அவருடைய காலடியில் கொண்டுபோய் வைத்தேன். புகையில்லாத தணலால் தீங்கில்லை என்பது என் எண்ணம். வீட்டுக்குள் குளிர் வராமலிருக்க இடைக்கதவையும் சாத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பால் கொண்டுபோன என் மனைவியின் அலறல் கேட்டு ஓடினேன். அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், பேச்சு குழறுகிறது. தலை வெடிக்கிறது என்று கையால் காட்டினார். நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்தோம். மழைச்சாரலில், அந்தக் குளிர்ந்த காற்றில், அவர் வாந்தியெடுத்துப் பின் நெடுமூச்சு விட்டார். எந்தக் காற்று அவர்மேல் படக் கூடாது என்று அறையை அடைத்தேனோ, அந்தக் காற்றுதான் அன்றிரவு அவரைப் பிழைக்க வைத்தது.

வாகனம் பிடித்து மருத்துவரிடம் கொண்டு சென்றோம். பிராணவாயு வைத்தனர். விடியும்போது தெளிவு பிறந்தது. கரித்தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை என்று மருத்துவர் விளக்கினார். நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட இறுக்கத்துடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். புகை அடங்கிய தணலில் ஆபத்து குறைவதில்லை. கண்ணில் எரிச்சல் இல்லாததால் நாம் ஏமாறுகிறோம், அவ்வளவே. குளிர்காலத்தில் மலை வாசஸ்தலங்களுக்கு வந்து, அறையைச் சாத்திக் கணப்பு மூட்டி உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன செய்திகளை நானும் படித்திருக்கிறேன். படித்தவன்தான் தாயின் காலடியில் அதை வைத்தேன்.

இருமலைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். "எத்தனை நாளா?" என்றார். ஆறு வாரம் என்றேன். "நான் மருந்து எழுதித் தருகிறேன் சார். ஆனால், அந்த அறையைச் சரி செய்யாமல் இந்த மருந்தால் பயனில்லை" என்றார். ஈரமும் பூசணமும் நிறைந்த வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சு சார்ந்த தொல்லைகளும் ஆஸ்துமாவும் மிகுதியாக வருகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி நூல் முழுவதும் எழுதியிருப்பதைப் பின்னர் அறிந்தேன். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 1859இல், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியர் பணி பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அதிகாரமே காற்றோட்டத்தைப் பற்றியதுதான். நோயாளிக்குக் குளிர் தாக்காமல், ஆனால் வெளிக்காற்றைப் போலத் தூய்மையான காற்றைக் கொடுப்பதே பணிவிடையின் முதற்கடமை என்று அவர் கருதினார். குளிரையும் காற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் என் பிழை.

மருத்துவர் அறையைத்தான் சரிசெய்யச் சொன்னாரே தவிர, எப்படி என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ஒரு முதிய ஆசாரி. தேயிலைத் தோட்டங்களின் பங்களாக்களில் நெடுங்காலம் மரவேலை செய்தவர். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார். என் மனைவியிடம் ஓர் ஊதுவத்தி கேட்டார். கொளுத்தி, அறையின் நடுவே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். புகை நேரே மேலே எழுந்து, கூரையை எட்டாமலே தலைக்கு மேல் ஒரு பாயைப் போல விரிந்து அங்கேயே தங்கிவிட்டது.

"பார்த்தீங்களா வாத்தியாரய்யா? போறதுக்கு வழி தெரியாம நிக்குது" என்றார்.

பழந்தமிழர் ஜன்னலுக்கு இட்ட பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் வருகின்ற சொல். வகுப்பில் எத்தனையோ முறை விளக்கம் சொல்லிக் கொடுத்த சொல்தான். என் வீட்டு ஜன்னலோ வெறும் ஒளி வரும் ஓட்டையாக இருந்தது.

ஆசாரி சொன்னதை நன்கு விளங்கிக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கி அறையில் மாட்டினேன். வெயில் எட்டிப் பார்த்த ஒரு நண்பகலில் அது 50 விழுக்காடு காட்டியது. வெப்பநிலை 28 டிகிரி. ஈரம் ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். அன்று இரவே கண்ணாடி மீண்டும் வியர்த்தது. யாரும் ஒரு துளி நீரையும் உள்ளே கொண்டு வரவில்லையே, எப்படி? இங்குதான் சூட்சுமம் இருக்கிறது. சூடான காற்று மிகுந்த நீராவியைச் சுமக்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு சுமக்க முடியாது. 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் பாதி, அதாவது பதின்மூன்றரை கிராம், இருந்ததால் ஈரமானி 50 என்றது. 16 டிகிரிக்குக் குளிர்ந்த காற்று தாங்கக் கூடியதே பதின்மூன்றரை கிராம்தான். எனவே அதே காற்று, அதே நீர், மாலையில் 16 டிகிரியைத் தொட்டதும் நிறைந்து வழிகிறது. எங்கே வழியும்? அறையில் எது மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அங்கே. இரவில் அது கண்ணாடி. பிறகு அலமாரியின் பின்னால், காற்றுப் படாத சுவர் மூலை. கண்ணாடியில் தெரிவதைத் துடைக்கிறோம். மூலையில் படிவதைப் பூசணம் குடிக்கிறது.

அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணக்குப் பார்த்தேன். சமையலறைத் தராசில் பிழிந்த துணிகளை நிறுத்தேன். உலர்ந்தபின் மீண்டும் நிறுத்தேன். ஒரு வாளித் துணி அறைக்குள் விட்ட நீர் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். பன்னிரண்டு தொட்டிகளுக்கு ஊற்றிய நீரில் பெரும்பகுதி இலைகளின் வழியாகவும் மண்ணின் வழியாகவும் காற்றுக்குத்தான் போகிறது. இரவில் சமைக்கும்போது இடைக்கதவைத் திறந்து வைத்திருந்தோம். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உலை கொதித்த ஆவி வேறு. இவையெல்லாம் வீட்டிலேயே மிகவும் குளிர்ந்த இடமான கண்ணாடி அறையைத் தேடி வந்து படிந்தன.

தரையின் மீதும் எனக்கு ஐயம் இருந்தது. ஆசாரி சொன்னபடி, இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒருநாள் முழுவதும் விட்டேன். தாளின் மேல் ஈரம் படிந்தால் அது காற்றின் ஈரம். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் அது மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம். நடுவில் அடிப்பக்கம் உலர்ந்திருந்தது. தெற்குச் சுவரை ஒட்டி வைத்தபோது அடியில் நீர் கோத்தது. வெளியே போய்ப் பார்த்தால், சரிவிலிருந்து வழிந்த மண் அந்தச் சுவரின் மேல் ஒன்றரை அடி உயரத்திற்கு ஏறி, அறையின் தளத்தைவிட உயரமாகக் கிடந்தது. மலை வீடுகளில் இது வழக்கமான குறை. பூச்செடி வைக்க நல்ல இடம் என்று நாமே மண்ணைக் குவிக்கிறோம். கூரையோரத்துத் தகரக் கால்வாயும் இலை அடைத்து, மழைநீரை நேரே அதே சுவரின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

2016 பிப்ரவரியில், வெயில் நிலைத்தபின், வேலையைத் தொடங்கினோம். முதலில் மண்ணை வெட்டி எடுத்து, தளத்துக்கு அரையடி கீழே வரும்படி செய்து, சுவரை விட்டு நீர் விலகி ஓட ஒரு கால்வாய் அமைத்தோம். தகரக் கால்வாயைத் துப்புரவு செய்தோம். கண்ணாடி அறையின் கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில் ஒரு விரற்கடை பிளவு இருந்தது. அதன்மேல் மடித்த தகடு பதித்தோம். வெளியிலிருந்து நீர் வரும் வழி இருக்கும்போது காற்றோட்டத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது ஆசாரியின் கொள்கை. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, காற்றின் வழி. கீழே ஒன்று, மேலே ஒன்று, எதிரெதிரே: இதுவே அவருடைய முறை. பள்ளத்தாக்கை நோக்கிய பக்கத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மேற்புறம் கீல் வைத்த மூன்று சிறிய மரக்கதவுகளைப் பொருத்தினார். எதிர்ப்பக்கத்தில், கூரை மிக உயரமாக இருக்கும் இடத்தை ஒட்டி, சாய்வான பலகைகளை அடுக்கிய நீண்ட திறப்பு ஒன்றை வைத்தார். மழை நுழையாது, காற்று வெளியேறும். சூடான காற்று இலேசாகி மேலே ஏறி அந்த வழியாகப் போக, அதன் இடத்தை நிரப்பக் கீழ்க்கதவுகளின் வழியே புதிய காற்று நுழைகிறது. இரண்டுக்கும் இடையே உயரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகம். எட்டடி உயரம் கிடைத்தது. மின்சாரம் வேண்டியதில்லை. நான் வாங்கிய விசிறியைத் தூக்கி எறியவுமில்லை. கீழ்க்கதவு திறந்திருக்கும்போது, காற்றசையாத மந்தமான நாட்களில், அது இப்போது உண்மையாகவே வேலை செய்கிறது. எல்லாத் திறப்புகளுக்கும் கனத்த கம்பி வலை போட்டோம். குன்னூர்க் குரங்குகளை அறிந்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

கண்ணாடிச் சட்டத்தின் அடியில் இருக்க வேண்டிய சிறு துளைகளையும் அவர் தேடிக் கண்டுபிடித்தார். கண்ணாடியில் வழியும் நீர் வெளியே போவதற்காக வைக்கப்பட்டவை அவை. சந்து என்று எண்ணி நான்தான் பசை வைத்து அடைத்திருந்தேன். சட்டத்தின் அடிமரம் இரண்டு இடங்களில் விரலால் குத்தினால் உதிரும் அளவுக்கு உளுத்திருந்தது. அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றினார்.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. அதன் தூள் அறை முழுவதும் பறந்து நெஞ்சில்தான் இறங்கும். அம்மாவை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் நன்கு உலர விட்டோம். ஈரம் ஊறிய பஞ்சு மெத்தையைக் கழித்துவிட்டோம். என் பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டி எடுத்து, கொத்தனாரைக் கொண்டு பழைய முறையில் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தைச் சிறைப்பிடிக்காது. அதன் காரத்தன்மையில் பூசணமும் எளிதில் வேர்விடாது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தோம். தொட்டிகளில் நான்கு மட்டும் உள்ளே தங்கின. மற்றவை வாசலுக்குப் போயின. இதில் என் மனைவிக்கு இன்னும் சிறிது வருத்தம் உண்டு.

எல்லாரும் என்னிடம் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்பதே அது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வெளியே 12 டிகிரிக் குளிரில் காற்று முழுவதும் நனைந்து, ஈரமானி 100 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் இருப்பது ஏறக்குறைய 11 கிராம் நீராவிதான். அது உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் 15 கிராமுக்கு மேல் தாங்கும் வலிமை பெறுகிறது. உடனே அதன் ஈரப்பதம் 70க்கு இறங்கிவிடுகிறது. அறையில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு மேல்வழியாகப் போய்விடுகிறது. ஆகவே அறை வெளியைவிடச் சற்றுச் சூடாக இருக்கும்வரை, மழைநாளிலும் திறப்பதே நன்மை. நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டியதில்லை. காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் வெயில் சாய்வதற்கு முன் பதினைந்து நிமிடம் எல்லாவற்றையும் விரியத் திறந்து, பிறகு மேல்திறப்பை மட்டும் விட்டுவைக்கிறோம். அந்த மாலைத் திறப்புதான் முக்கியமானது. பகலெல்லாம் வெயிலில் நீராவியைக் குடித்து வைத்திருக்கும் காற்றை, அது குளிர்ந்து கக்குவதற்கு முன் வெளியே அனுப்பிவிட வேண்டும். கடலோரத்தில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே வெளிக்காற்றும் சூடு, ஈரமும் மிகுதி. நான் சொல்வது குளிர்ந்த மலைநாட்டுக்கு.

துணி உலர்த்துவதற்குப் பின்புறத்தில் தகரக் கூரையிட்ட, பக்கங்கள் திறந்த ஒரு பந்தல் போட்டோம். தவிர்க்க முடியாத நாளில் கண்ணாடி அறையிலேயே துணி போட்டால், இடைக்கதவைச் சாத்தி, வெளித்திறப்புகளைத் திறந்து, விசிறியையும் ஓட விடுகிறோம். சமைக்கும்போதும் இடைக்கதவு சாத்தியே இருக்கும். கணப்புச் சட்டி அந்த இரவுக்குப் பின் வீட்டுக்குள் நுழையவில்லை. கதகதப்புக்கு வெந்நீர்ப் பையும் கம்பளிக் காலுறையும் போதுமானவையாக இருக்கின்றன; மிகக் கடுங்குளிரில் மின்சார ஹீட்டரைச் சற்று நேரம் வைக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். நவம்பரில் பத்து நாட்கள் தொடர்ந்து மூட்டம் கவிந்தால் ஈரமானி இன்றும் 75ஐத் தாண்டுகிறது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வியர்வை படிகிறது. அதைத் துடைக்க ஒரு துண்டு போதும். தென்மேற்கு மூலையில் ஆண்டுக்கொரு முறை பூசணம் தலைகாட்டுகிறது. அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் எப்போதும் நிழல். வருடந்தோறும் மழைக்கு முன் அங்கே சுண்ணாம்பு அடிக்கிறோம். அம்மாவின் இருமல், வேலை முடிந்து இரண்டு மாதம் வரை தொடர்ந்து, பிறகு நின்றது. ஜெபப்புத்தகத்தின் அட்டையில் கறை போகவில்லை. வேறு அட்டை போட்டுத் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது அவர் எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். காலையில் நான் கண்விழிக்கும்போதே முன்புறத்தில் 'டக், டக், டக்' என்று மூன்று ஒலிகள் கேட்கும். கைத்தடியின் நுனியால் மூன்று கீழ்க்கதவுகளையும் ஒவ்வொன்றாக அவரே தள்ளித் திறக்கிறார். குனிய வேண்டியதில்லாத உயரத்தில் தாழ்ப்பாளை மாற்றிக் கொடுத்தவரும் அந்த ஆசாரிதான். நான் எழுந்து போய், குளிருகிறதே, சற்று நேரம் கழித்துத் திறக்கலாமே என்றால், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நீ போய்ப் படுய்யா" என்கிறார்.